1990 வரும் வரை

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ-9 வீதியில் உள்ள ஊர் நாவுல. இங்கிருந்து எலஹெர வீதி மொரகஹகந்த நீர்த்தேக்கப் பக்கம் பிரிகிறது. நெடுந்தூர பஸ்களும் லொறிகளும் ஓயாத இவ்வீதியில் விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் 1990.

‘சுவசெரிய’ எனும் இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் பரவியது. 2018ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அது தனி மன்றமாயிற்று. வண்டியில் வருவோர் சம்பளம் பெறும் பயிற்சி பெற்ற ஊழியர்கள். ஊர்த் தொண்டர்களின் வேலை வண்டி வந்து சேருமுன் உள்ள நிமிடங்களில்தான்.

இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் இதற்கான முதலுதவியைக் கற்பிக்கின்றன. இரத்தம் பாயும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பது, மூச்சு நின்றவரின் நடு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது, பாம்பு கடித்த காலை அசையாமல் வைப்பது ஆகியன அப்பயிற்சியில் அடங்கும். கடிவாயைக் கீறக் கூடாது என்பதும் ஒரு பாடம்; வயற்காட்டு ஊர்களுக்கு இதுவே முக்கியம்.

சிறியதாகத் தோன்றும் இன்னோர் உதவி, வண்டிக்கு வழிகாட்டல். பெயர்ப்பலகை இல்லாத குறுக்குப் பாதையில், கிலோமீற்றர் கல்லையோ கோயிலையோ விகாரையையோ அடையாளம் சொல்லி, சந்தியில் ஒருவர் டோர்ச்சுடன் நின்றால் வண்டி தடுமாறாது. ஓட்டோக்காரரும் கடைக்காரரும் இதற்குப் பொருத்தமானவர்கள். கழுத்தில் அடிபட்டவரை அவசரப்பட்டு ஓட்டோவில் மடக்கி ஏற்றுவதைத் தடுப்பதும் அவர்களால் ஆகும்.