குளிரில் வியர்த்தால் ஆபத்து!

கூடாரத்தை விட்டு வெளியே வந்தார் ஓர் இளைஞர். சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான்! நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. குனிய முடியவில்லை!

கழுத்தில் சுளுக்கா? இல்லை. அவர் போட்டிருந்த உடை கல்லாகிவிட்டது! கால் நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் துணி உறைந்து இறுகிவிட்டது. வானத்தைப் பார்த்தபடியே நான்கு மணி நேரம் அவர் பனிவண்டியை இழுத்தார்.

இது நடந்தது தென்துருவப் பனிக் கண்டத்தில். ஆண்டு 1911. இளைஞரின் பெயர் ஆப்ஸ்லி செர்ரி காரார்டு. வயது 25. தென்துருவத்தை அடையப் போன ராபர்ட் ஸ்காட்டின் ஆங்கிலேயக் குழுவைச் சேர்ந்தவர்.

பெங்குவின் பறவையின் முட்டைகளைக் கொண்டுவர, இவரும் இரண்டு தோழர்களும் நடுக் குளிர்காலத்தில் புறப்பட்டார்கள். அப்போது அங்கே பகலே கிடையாது. ஒரு நாள் குளிர், பூஜ்யத்துக்கும் கீழே 60 டிகிரிவரை போயிற்று.

எதிரி எங்கே இருந்தான்?

உடையைக் கல்லாக்கியது எது? மழையா? அங்கே மழை ஏது! அவர்களுடைய வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும்தான்!

கனமான வண்டியை இழுத்தால் எந்தக் குளிரிலும் உடம்பு வியர்க்கும். அந்த வியர்வை துணியில் இறங்கும். நின்றதும் உறைந்துவிடும். ஈரத் துணி உடம்பின் சூட்டை வெகு விரைவில் வெளியே விட்டுவிடும். குளிரைவிடப் பெரிய பகைவன், உடம்பில் ஊறிய ஈரம்தான்.

இரவில் அவர்கள் பனிமான் தோலால் செய்த பைக்குள் புகுந்து படுத்தார்கள். அந்தப் பையிலும் மூச்சு உறைந்தது, வியர்வை உறைந்தது. புறப்படும்போது செர்ரி காரார்டின் பை சுமார் 8 கிலோ. ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது சுமார் 20 கிலோ! கூடிய எடை அத்தனையும் பனிக்கட்டி.

மூவரும் மூன்று முட்டைகளுடன் உயிரோடு திரும்பினார்கள். அது பெரிய அதிசயம்தான்.

மாணவர் ஆனார் அமுண்ட்சென்

அதே சமயத்தில் தென்துருவத்தை அடைய இன்னொரு குழுவும் வந்திருந்தது. அதன் தலைவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ரோவால்டு அமுண்ட்சென்.

இவர் அதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர். விசித்திரமான பள்ளிக்கூடம் அது! 1903-ஆம் ஆண்டு, கனடாவின் வடகோடியில் உள்ள ஒரு தீவில் தம் சிறு கப்பலை நிறுத்தினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கினார். அந்த வட்டாரத்தில் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். முன்பு எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்களே அமுண்ட்செனுக்கு ஆசிரியர்கள்.

இனுயிட் பெண்கள் பனிமான் தோலை மென்மையாக்கி, விலங்கின் நரம்பையே நூலாக வைத்து உடை தைத்தார்கள். இரண்டு அங்கிகள். உள்ளே போடும் அங்கியின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும். மேல் அங்கியின் ரோமம் வெளியே பார்த்திருக்கும். பனிமானின் ரோமத்துக்குள் நுண்ணிய அறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்று, சூட்டை வெளியே விடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், உடை தொளதொளவென்று இருக்கும்! உள்ளே காற்று உலாவும். உடம்பு சூடானால் கழுத்துப் பக்கத்தைத் தளர்த்திவிடலாம். ஈரம் வெளியே போய்விடும்.

"இறுக்கிப் போர்த்தினால்தான் குளிர் அடங்கும்" என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடமோ நேர்மாறானது!

அமுண்ட்சென் அந்த உடையைத் தென்துருவத்துக்குக் கொண்டுபோனார். கம்பளி உடைகளும், காற்றுப் புகாத துணி உடைகளும் கூடவே எடுத்துக்கொண்டார். குளிருக்குத் தக்கபடி மாற்றி மாற்றி அணியலாம் அல்லவா? வண்டியை இழுக்க நாய்கள் இருந்தன. மனிதர்கள் வியர்த்துக் கொட்டவேண்டிய அவசியம் குறைந்தது.

காலணிக்குள் கோரைப்புல்!

காலில் வியர்த்தால் என்ன செய்வது? வடஐரோப்பாவின் சாமி மக்கள் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். பனிமான்களை வளர்க்கும் மக்கள் அவர்கள்.

கோரை இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லை உலர்த்தி, மெத்தைபோலக் காலணிக்குள் திணித்துக்கொள்வார்கள். புல் ஈரத்தை உறிஞ்சும். இரவில் அதை வெளியே எடுத்து உதறிக் காயவைப்பார்கள். காலையில் மறுபடியும் திணித்துக்கொள்வார்கள். செலவில்லாத சாதனம்! ஸ்காட்டின் ஆட்களும், அமுண்ட்செனின் ஆட்களும் இந்தப் புல்லைப் பயன்படுத்தினார்கள்.

பனி உண்டு, தண்ணீர் இல்லை!

கண்ணுக்கு எட்டிய தூரம் பனி. ஆனால் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. பனியை அடுப்பில் வைத்து உருக்கவேண்டும். பனியை அப்படியே தின்றால் உடம்பின் சூடு வீணாகும்.

இரு குழுவினரிடமும் இருந்தது பிரைமஸ் அடுப்பு. சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892-இல் உருவாக்கியது. நம் வீடுகளில் பல காலம் இரைந்துகொண்டிருந்த அதே பம்பு ஸ்டவ்தான்!

அடுப்பு இருந்தால் போதுமா? மண்ணெண்ணெய் வேண்டுமே! வழிநெடுக டப்பாக்களில் எண்ணெய் வைத்துவிட்டுப் போனார் ஸ்காட். அந்த டப்பாக்களின் மூடியில் தோல் வாசர் இருந்தது. கடுங்குளிரில் தோல் கெட்டுப்போயிற்று. எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டது. திரும்பி வந்தபோது பல இடங்களில் டப்பாக்கள் குறைந்து கிடந்தன. தோல் வாசர் காய்ந்தால் என்ன ஆகும் என்பது பம்பு ஸ்டவ்வில் சமைத்த தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் இப்படிக் கசியும் என்பது அமுண்ட்செனுக்கு முன்பே தெரியும். அதனால் டப்பாக்களை ஈயப்பற்று வைத்து அடைக்கச் சொன்னார்.

திரும்பி வந்தவர் வென்றார்

1911 செப்டம்பர் 8-ந் தேதி அமுண்ட்சென் துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். அவசரப்பட்டுவிட்டார்! குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரிக்கு இறங்கியது. சிலருடைய குதிகால்கள் உறைந்து புண்ணாயின. எவ்வளவு நல்ல உடையும் எல்லாக் குளிரையும் தாங்கிவிடாது.

அமுண்ட்சென் என்ன செய்தார்? திரும்பி வந்துவிட்டார்!

அக்டோபரில் மறுபடியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை ஐந்து பேர். டிசம்பர் 14-ந் தேதி தென்துருவத்தில் நார்வேயின் கொடி பறந்தது. ஐவரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17-ந் தேதி துருவத்தை அடைந்தார்கள். அங்கே அமுண்ட்செனின் கூடாரம் அவர்களை வரவேற்றது! மனம் உடைந்து திரும்பினார்கள். வழியில் இருவர் மாண்டார்கள். பசி, களைப்பு, கடுங்குளிர், புயல், எண்ணெய்க் குறைவு எல்லாம் சேர்ந்துகொண்டன. மார்ச் கடைசியில் ஸ்காட்டும் மற்ற இருவரும் கூடாரத்துக்குள்ளேயே உயிர்விட்டார்கள். உணவும் எண்ணெயும் வைத்திருந்த பெரிய கிடங்கு, அங்கிருந்து 11 மைல் தூரத்தில் இருந்தது.

இன்று குழந்தைகளும் போகிறார்கள்

அன்று வீரர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம், இன்று நார்வேயில் குழந்தைகளுக்கும் தெரியும். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு பனியில் சறுக்கப் போவது அங்கே வழக்கம். "கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடைதான் உண்டு" என்பது அவர்கள் பேச்சு.

அவர்கள் போடுவது மூன்று அடுக்கு உடை. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி. அது வியர்வையை வெளியே கடத்தும். அதன்மேல், சூட்டைக் காக்கும் தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத சட்டை. நமக்குச் சுகம் தருவது பருத்தி. அங்கேயோ பருத்திதான் எமன்! வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஏற்றத்தில் ஏறுவதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றிவிடுவார்கள். நின்று இளைப்பாறும்போது உடனே போட்டுக்கொள்வார்கள். பையில் மாற்றுக் காலுறை, கையுறை, சூடான பானம், உணவு, வரைபடம், திசைகாட்டி எல்லாம் இருக்கும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும். அதற்காகக் கறுப்புக் கண்ணாடியும் உண்டு.

1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் பலர் மாண்டார்கள். அதன்பின் மலைக்குப் போகிறவர்களுக்கான ஒன்பது விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. வேண்டிய சாதனங்களை எடுத்துச் செல்லவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. காலம் கடக்கும் முன்பே திரும்பிவிடவேண்டும், திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது இன்னொன்று.

செப்டம்பரில் வெட்கப்படாமல் திரும்பியவர்தான், டிசம்பரில் கொடி நாட்டினார்!