வீட்டுக்குள் ஓர் அரைநேரப் பள்ளி

1953-ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம்? வீட்டில் இருந்து பெற்றவர்களின் தொழிலைப் பழகிக்கொள்ளட்டும் என்றார்கள்.

நாடு கொதித்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், மறியல்! 1954-இல் இராஜாஜி விலகினார்; காமராசர் வந்தார்; திட்டம் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றை இன்றும் மேடைதோறும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. கோட்டையிலிருந்து விரட்டப்பட்ட அந்த அரைநேரப் பள்ளி, கொல்லைப்புற வழியாக நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்த்தோமா?

காவிரிப் படுகையிலே ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை நடவு நேரம். பொழுது புலரும் முன்பே தூக்குச்சட்டியில் பழையதைப் போட்டுக்கொண்டு தாய் வயலுக்குப் புறப்படுகிறாள். நடவு இயந்திரம் வந்துவிட்ட ஊரா? அங்கேயும் களை எடுக்கப் போகிறவள் அவள்தான். வாசற்படி தாண்டும்போது அவள் சொல்லும் சொல் என்ன? "பாப்பா, தம்பியைப் பார்த்துக்கோடி!"

அந்தப் பாப்பாவுக்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்பு.

அந்த நொடியிலிருந்து அவள்தான் குடும்பத் தலைவி. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்து நிற்க வேண்டும். இரவு கிடந்த சட்டி பானைகளைத் துலக்க வேண்டும். ஆட்டை அவிழ்த்து நிழலில் கட்ட வேண்டும். பிறகு தம்பி! அவனை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, அழுகிறவனைச் சமாதானம் செய்து, இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் அங்கன்வாடியிலே விட வேண்டும். அதன் பிறகே பள்ளிக்கு ஓட்டம். அவள் போய்ச் சேரும்போது முதல் பாடம் பாதி முடிந்திருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் அன்றைக்கு முதல் பாடமும் இல்லை, கடைசிப் பாடமும் இல்லை. மாலையில் மீண்டும் குடம், மீண்டும் தம்பி. வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது கண் சொக்குகிறது.

அவளுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் உண்டே, அவன் எங்கே? அவன் ஆண்பிள்ளை! அவன் தூக்கத்தைக் கலைக்கலாமா?

அப்பா எங்கே? அவர் டீக்கடைப் பெஞ்சிலே இருக்கிறார். கையிலே இந்த நாளேடு! ஆட்சிகளை அலசுகிறார்; சமத்துவம் பற்றிய கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார்.

தோழா, கோபம் வேண்டாம். நீயும் உழைக்கிறவன். பகல் முழுதும் வெயிலில் நின்று வருகிறவன். ஒரு குவளைத் தேநீரும் ஒரு நாளேடும் உன் உரிமை. அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் அந்தத் தேநீரின் விலை என்ன என்று எண்ணிப் பார்த்தாயா? டீக்கடைக்காரர் கணக்கிலே சில ரூபாய். உன் மகள் கணக்கிலே ஒரு பாடம்!

"வீட்டு வேலை பழகினால் என்ன குற்றம்?" என்று கேட்பார்கள். குற்றமே இல்லை. கோழிக்குத் தவிடு வைப்பதும், கொல்லையிலே கீரை பறிப்பதும், அப்பனோடு மடை பார்க்கப் போவதும் கிராமத்துப் பிள்ளைக்கு விளையாட்டு, அறிவும்கூட. ஆனால் கை கொடுப்பது வேறு, குடும்பத்தையே சுமப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட இரண்டு கேள்விகள் போதும். அந்த வேலை பள்ளி நேரத்தைத் தின்கிறதா? அது மகளுக்கு மட்டும் வைத்த வேலையா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது பழக்கம் அல்ல, பாரம்.

2019-ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் தம் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் நூற்றுக்கு 81 பேர் கூலியில்லா வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்! அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆணுக்கு 97 நிமிடம். எந்த வயதிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் பார்த்தீர்களா? ஆறு வயதிலிருந்து!

பிள்ளை பார்ப்பது ஒரு வேலையா என்று இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வேலைத்தலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். மண் வெட்டுகிறவருக்குரிய அதே கூலியை அவருக்கும் கொடுக்க வேண்டும். சட்டம் கூலி கொடுத்த வேலையை, நாம் 'பாப்பா விளையாடிக்கொண்டே பார்த்துக்கொள்வாள்' என்கிறோம்!

நம் நாட்டிலே அரசுகள் ஒன்றும் செய்யாமல் இல்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவு. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியது காலை உணவு. பசி என்ற பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது. ஆனால் எந்த அரசும் வந்து நம் வீட்டுக் குடத்தைத் தூக்காது. எந்த ஆணையும் வந்து தம்பியின் சட்டைப் பொத்தானைப் போடாது. அது நம் கையிலே இருக்கிற வேலை.

என்ன செய்யலாம்? நாளைக் காலையிலேயே தொடங்கலாம். குழாயடி வரிசையில் நீ நில். சின்னவனை அங்கன்வாடிக்கு நீ தூக்கிப் போ. பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும், மறுவாரம் அவனும் வருவான். மூத்த மகன் கையில் துடைப்பத்தைக் கொடு. கிளைக் கூட்டத்திலே சந்தாக் கணக்குக் கேட்கிறோமே, 'இந்த வாரம் யார் வீட்டுப் பெண் பள்ளிக்குப் போகவில்லை, ஏன்?' என்றும் ஒரு கேள்வி கேட்போம். நடவுக் காலத்தில் அங்கன்வாடியைக் காலையில் முன்னதாகத் திறக்கச் சொல்லி மனுக் கொடுப்போம்.

அன்று அரைநேரப் பள்ளி வேண்டாம் என்று முழங்கியவர்கள் கோட்டை வரை கேட்கும்படி முழங்க வேண்டியிருந்தது. நாம் போக வேண்டிய தூரம் அவ்வளவு இல்லை. டீக்கடையிலிருந்து நம் வீட்டு வாசல் வரைதான்.

ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்திரு, தோழா! பள்ளி மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.