கல்யாணம் ஆயிடுச்சாம்மா?

பி.ஜி.யாக இருந்த முதல் வருஷம். ராத்திரி கேசுவாலிட்டியில் அடிவயிற்று வலியோடு ஓர் இளம்பெண், பக்கத்தில் அவர் அம்மா. 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்று கேட்டேன். 'இல்லீங்க' என்றார் அம்மா. கேஸ் ஷீட்டில் 'மணமாகாதவர்' என்றெழுதி, குடல்வால் அழற்சியாயிருக்கலாம் என்று படுக்க வைத்தேன். விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்தது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிறெல்லாம் ரத்தம். பிழைத்துக்கொண்டார், என்னால் அல்ல. ஒரு சிறுநீர்ச் சோதனை போதும், கர்ப்பம் தெரிந்திருக்கும். அதைச் செய்யவிடாமல் தடுத்தது என் கேள்விதான். டிஸ்சார்ஜ் அன்று அவர் சொன்னார்: 'அம்மாவை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்.'

இக்கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம். உடலுறவு உண்டா என்று கேட்க நாக்கு கூசுகிற இடத்தில் கல்யாணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விளைவாக, மணமாகாத பெண்ணுக்குப் பாலியல் இல்லை. மணமான பெண்ணுக்கு ஆபத்து இல்லை. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் ஆணை நேசிக்கும் ஆணுக்கும் கேஸ் ஷீட்டில் இடமே இல்லை. ஒழுக்கம் இங்கே மருத்துவத்தின் குரலில் பேசுகிறது.

இது தனிமனிதக் கூச்சமல்ல, கற்பிக்கப்பட்ட கூச்சம். எனக்குப் பாலியல் உடற்கூறியலில் உறுப்பாக வந்தது, தோல்-பால்வினைத் துறையில் நோயாக வந்தது, சட்ட மருத்துவத்தில் குற்றமாக வந்தது. நலமாக, இன்பமாக ஒருநாளும் வரவில்லை. சம்மதத்தோடு கூடும் வயதுவந்தோரை 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018இல் விடுவித்தது. இருவிரல் சோதனையைப் பாடத்திலிருந்தே நீக்கச் சொன்னது 2022இல். இருந்தும் 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஆண்-ஆண் புணர்ச்சியும் பெண்-பெண் உறவும் இயற்கைக்கு மாறான குற்றங்களாக மறுபடி நுழைந்தன, கூடவே கன்னிமையும். எதிர்ப்பு எழவே செப்டம்பர் 5இல் திரும்பப் பெற்றார்கள். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறலாம். இப்படிப் படித்தே பழகிய கண்ணை?

அதனால்தான் பயிற்சி வார்டில், பி.ஜி. காலத்தில் நடக்க வேண்டும் என்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உடன் வந்தவரை வெளியே அனுப்புவது. 'எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், சொல்ல இஷ்டமில்லேன்னா விட்டுடலாம்' என்று தொடங்குவது. உடலுறவு உண்டா, யாரோடு, ஆணா பெண்ணா இருவருமா, பாதுகாப்பு உண்டா, வலி உண்டா, உங்கள் விருப்பத்தோடுதானா என்று கேட்பது. எந்தப் பதிலுக்கும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வது. சீனியர் பக்கத்தில் நின்று பார்க்க, தவறைத் திருத்த, செய்து செய்துதான் இது வரும். தையல் போட நாங்கள் அப்படித்தான் பழகினோம். கேட்கப் பழக்கத்தான் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.