பழைய பிஎம்டபிள்யூவுக்கு உள்ளே செலவு பண்ணப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க



புது ஸ்விஃப்ட் வாங்குற காசுக்கும் குறைவா ஒரு பிஎம்டபிள்யூ கிடைக்குதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது? 2007-ல சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில பிஎம்டபிள்யூ தொழிற்சாலை தொடங்கினாங்க. ஆரம்பத்துல அங்கே அசெம்பிள் ஆன கார்தான் 3 சீரிஸ். கார் பிரியர்கள் அந்தத் தலைமுறையை இ90-ன்னு சொல்லுவாங்க. அந்தக் கார்கள் எல்லாம் இன்னைக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல, மூணாவது நாலாவது ஓனர் கையில சுத்திக்கிட்டிருக்கு.

வாங்கின முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டாவது வாரம் கதவு கைப்பிடியைப் பிடிச்சா கையில பிசுபிசுன்னு ஒட்டும். மேல் லைனிங் தலையில வந்து இடிக்கும். ஸ்டீரிங் தோல் மொழுமொழுன்னு பளபளக்கும். உடனே யூடியூப்ல ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், 64 கலர் லைட்டு, டைமண்ட் சீட் கவர்னு தேட ஆரம்பிச்சிடுவோம். பர்ஸுல ஓட்டை விழறது இங்கதான்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். பழைய சொகுசுக் காருக்குப் புதுசா எதையும் சேர்க்காதீங்க, ஏற்கெனவே இருக்கிறதை மீட்டெடுங்க. மீட்டெடுக்குற வேலையில பெரும்பகுதி கூலிதான், பொருள் செலவு கம்மி. அதனால அந்த வேலையை நாமே செஞ்சா மிச்சம் நிறைய. புதுசா சேர்க்குறதுல பொருள்தான் செலவு, அந்தக் காசு காரை விக்கும்போது திரும்பி வராது.

செலவுக்கு முன்னாடி ஆர்சி புத்தகத்தைப் பாருங்க

தனியார் காரோட பதிவு 15 வருஷத்துக்குத்தான். 2011-ல பதிவான காருக்கு 2026-ல அது முடியும். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி ஆர்சி புதுப்பிக்கணும், தமிழ்நாட்டுல பசுமை வரியும் கட்டணும். உங்க காருக்கு இன்னும் எட்டு மாசத்துல அந்தத் தேதி வருதுன்னா, இன்டீரியருக்கு ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்தக் காரை இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருக்கப் போறோமான்னு வீட்டுல உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிடுங்க.

அடுத்தது டயர், பேட்டரி, பிரேக், ஆயில் லீக். இதுக்கான பணம் தனியா கையில இருக்கணும். இ90-ல பேட்டரி மாத்துறதுகூட சாதாரண வேலை இல்ல. புது பேட்டரியைக் காரோட கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும், இல்லன்னா பழைய பேட்டரின்னு நினைச்சு தப்பா சார்ஜ் பண்ணும். இப்படிப்பட்ட கார்ல கையிருப்பு இல்லாம சீட் கவருக்குக் கடன் வாங்குறது ஆபத்து. 80,000 ரூபாயை 14% வட்டியில ரெண்டு வருஷ பர்சனல் லோனா எடுத்தீங்கன்னா மாசம் 3,841 ரூபாய் ஈஎம்ஐ. மொத்தம் கட்டுறது 92,000 ரூபாய்க்கு மேல. நடுவுல கியர் பாக்ஸ் ஒரு சத்தம் கொடுத்தா அந்த டைமண்ட் தையலை வச்சு என்ன பண்றது?

பிசுபிசுப்பு ஏன் வருது?

அந்தக் காலத்து ஐரோப்பிய கார்கள் நிறையத்துல பிளாஸ்டிக் மேல மெத்துன்னு இருக்கட்டும்னு ஒரு பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பாங்க. வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தா அந்தப் பூச்சு சிதைஞ்சு பசை மாதிரி ஆயிடும். சென்னையில ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. இ90-ல முதல்ல போறது கதவை உள்ளேயிருந்து இழுத்து மூடுற கைப்பிடி.

கடையில கேட்டா நாலு கதவுக்கும் முழு செட்டா மாத்தணும்பாங்க. அதுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்லயோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலயோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்குங்க. சில நூறு ரூபாய்தான். பழைய பனியன் துணியில கொஞ்சமா நனைச்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில தேய்ச்சுப் பாருங்க. பசை உருண்டு உருண்டு வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுமையா முழுசும் எடுத்துட்டா அடியில கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும். மெத்துன்னு இருக்காது, ஆனா கையில ஒட்டாது. கார் கதவுகளைத் திறந்து வச்சு, நிழல்ல பண்ணுங்க. அந்த ஆவி தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி சிகரெட் எதுவும் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ராத்திரியில உள்ளேயிருந்து வெளிச்சம் வர்ற பட்டன்கள் இருக்கே, ஏசி, ரேடியோ பட்டன்கள், அதுல மேல இருக்கிற கறுப்புப் பூச்சுலதான் எழுத்தும் படமும் இருக்கும். அதை அழுத்தித் தேய்ச்சா பூச்சோட படமும் போயிடும், பட்டன் மொத்தமும் வெள்ளையா எரியும். பட்டனுக்கு ஈரத்துணி மட்டும் போதும்.

கைப்பிடியோட மேல் கவர் உடைஞ்சே போயிருந்தா, வெளிக்கம்பெனி கவர் ஆன்லைன்ல தனியா கிடைக்குது. உள்ளே இருக்கிற சட்டம் நல்லா இருந்தா கவரை மட்டும் மாத்தலாம். சட்டமும் உடைஞ்சிருந்தா கதவு பேனலையே கழட்டணும். பேனல் கழட்ட ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீங்க. பிளாஸ்டிக்ல செஞ்ச நெம்புகோல் செட் ஒன்னு விக்குது, அதை வாங்கிக்கோங்க. உடையப் போற கிளிப்புக்கு பதிலா பத்து கிளிப் சேர்த்தே ஆர்டர் போட்டுடுங்க. பழைய கிளிப் நிச்சயமா நாலஞ்சு உடையும், அது உங்க தப்பு இல்ல.

சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

நம்ம ஊர்ல தோல்னாலே எண்ணெய் தடவுற பழக்கம். செருப்புக்கு சரி. கார் சீட் தோலுக்கு மேல ஒரு கலர் பூச்சும் அதுக்கு மேல ஒரு பாதுகாப்புப் பூச்சும் இருக்கு. எண்ணெய் உள்ளே இறங்காம மேலேயே நின்னு தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். புது சீட் பளபளன்னு இருக்காது, மங்கலாத்தான் இருக்கும். ஸ்டீரிங்லயும் டிரைவர் சீட்லயும் நீங்க பார்க்குற பளபளப்பு வியர்வையும் அழுக்கும்தான்.

லெதர் கிளீனர், மென்மையான பிரஷ், மைக்ரோஃபைபர் துணி. இந்த மூணும் சேர்த்து ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகும். நுரையை முதல்ல பிரஷ்ல எடுத்து, அப்புறம் சீட்ல வட்டமா தேய்ச்சு, உடனே துணியால ஒத்தி எடுங்க. முதல் துணி காபி டிகாஷன் கலர்ல வரும். பீஜ் கலர் சீட்டா இருந்தா வித்தியாசம் பார்த்து நீங்களே மலைச்சுப் போவீங்க. பாதிப் பேர் இந்த இடத்துலயே நின்னுடலாம், கவரே தேவைப்படாது.

ஏறி இறங்குற பக்கத்துல வெடிப்பு விட்டிருந்தா அடுத்த கட்டம். அழுக்கு எடுத்துட்டு, ஆல்கஹாலால ஒரு தடவை துடைச்சு, 800 நம்பர் உப்புத்தாளால வெடிப்போட ஓரத்தை மெதுவா மழுங்க வைக்கணும். வளையுற தன்மையுள்ள லெதர் ஃபில்லரை ஆழமான வெடிப்புல மட்டும் பூசி காய விடுங்க. அதுக்கு மேல தண்ணியில கரையுற லெதர் கலர், ஸ்பாஞ்சுல மெல்லிசா நாலஞ்சு கோட், கடைசியா மேட் டாப் கோட். கலரை ஒரே தடவையில திக்கா அப்பினா ஒரு மாசத்துல தோல் உரியும். ஒரு சீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போகும். கூலிக்குக் கொடுத்தா ஏன் அவ்வளவு கேக்குறாங்கன்னு அன்னைக்குப் புரியும்.

சீட் கவர் போட்டே ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கார்ல பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டோட முதுகுப் பக்கத்துலயே இருக்கு. விபத்து நேரத்துல தையலைப் பிச்சுக்கிட்டு வெளியே வரணும். அந்த இடத்தை இறுக்கமா மூடுற கவர் போட்டா அது சரியா விரியாம போகலாம். பயணி சீட்டுக்குள்ள, ஆள் உட்கார்ந்திருக்காங்களான்னு பார்க்கிற சென்சார் விரிப்பும் இருக்கு. தையல்காரர் சீட்டைக் கழட்டிப் பிரிக்கும்போது அது சேதமானா ஏர்பேக் விளக்கு எரியும். அதோட செலவு கவரோட விலையைத் தாண்டிடும்.

தொடவே கூடாத வேலைகள்

மேல் லைனிங்தான் எல்லாருக்கும் எரிச்சல். துணிக்கும் பலகைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஃபோம் ஒட்டியிருப்பாங்க. வெயில்ல அது தூளாகி உதிர்ந்துடும், துணி தொங்கும். ஸ்ப்ரே பசை அடிச்சு திரும்ப ஒட்டுற வீடியோ ஏராளமா இருக்கு. தூள் மேல பசை நிக்காது, ரெண்டு மாசத்துல திரும்பத் தொங்கும், துணியில கறையும் இருக்கும். சரியான வழி பலகையை வெளியே எடுத்து, பழைய ஃபோமைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டுறது. ஆனா பலகையை எடுக்கணும்னா ஜன்னல் தூண்களோட கவரை எல்லாம் கழட்டணும். அங்கதான் தலையைக் காக்குற திரை ஏர்பேக் ஓடுது. அதனால இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள ஆள்கிட்ட காசு கொடுத்தே செய்யுங்க.

ஸ்டீரிங் தோல் தேய்ஞ்சிருந்தா சக்கரத்தைக் கழட்டாம, மேலேயே ஊசி நூலால தைக்கிற கவர் போட்டுக்கலாம். டிவி பார்த்துக்கிட்டே தைக்கிற வேலை இல்ல, கார்லயே உட்கார்ந்து மூணு நாலு மணி நேரம் ஆகும், முதுகு வலிக்கும், ஆனா பாதுகாப்பானது. ஸ்டீரிங் நடுவுல இருக்கிற ஏர்பேக்கை மட்டும் கழட்டாதீங்க. எந்த வேலையிலயும் மஞ்சள் கலர் கனெக்டர் கண்ணுல பட்டா அது ஏர்பேக் லைன், கையை எடுத்துடுங்க. ஏர்பேக் பக்கம் வேலை செய்ற ஆள் பேட்டரியைத் துண்டிச்சு, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் தொடுவாரு. தொடங்குறதுக்கு முன்னாடி அவர் அதைச் செய்றாரான்னு பாருங்க. செய்யலைன்னா வேற ஆளைத் தேடுங்க.

ஸ்க்ரீன் ஆசை

ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் வாங்குற முன்னாடி உங்க கார்ல இருக்கிறது எந்த சிஸ்டம்னு தெரிஞ்சுக்கணும். 2008 கடைசி வரைக்கும் வந்த ஐடிரைவ் வேற, அதுக்கப்புறம் வந்தது வேற, ஐடிரைவே இல்லாத காரும் உண்டு. தப்பான ஸ்க்ரீன் வந்தா ப்ளக்கே பொருந்தாது. ஐடிரைவ் கார்கள்ல பெரும்பாலான ஸ்க்ரீன் பழைய யூனிட்டை எடுக்காம, சத்தத்தை மட்டும் ஆக்ஸ் வழியா அனுப்பும். அப்படின்னா கொஞ்சம் யோசிங்க. ஆக்ஸ்ல சொருகுற ப்ளூடூத் ரிசீவரும் ஒரு நல்ல மொபைல் ஹோல்டரும் வாங்கினா பாட்டும் மேப்பும் ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது. ஸ்க்ரீன் போட்டே ஆகணும்னா வயரை வெட்டாம ப்ளக் மட்டும் மாத்துற மாதிரி வாங்குங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி, அந்த ஆக்சஸரியைப் பாலிசியில சேர்த்துடுங்க. சொல்லாம போட்ட பொருள் திருடு போனா கிளைம் கிடைக்காது.

64 கலர் லைட்டைப் பத்திக் கேக்குறவங்களுக்கு: பிஎம்டபிள்யூவோட அந்த ஆரஞ்சு வெளிச்சம்தான் ராத்திரியில கண்ணைக் கூசாம இருக்கிறது. அதை மாத்தி கார் உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி ஆக்குறது உங்க இஷ்டம், நான் பண்ண மாட்டேன்.

கடைசியா, வாசனை

ஏசி போட்டா புழுங்கின நாத்தம் வருதா? ஏசி ஃபில்டர் இந்தக் கார்ல பானட்டைத் திறந்தாலே கைக்கு எட்டுற இடத்துல, கண்ணாடிக்குக் கீழ இருக்கு. அரை மணி நேரத்துல நாமே மாத்தலாம். மாத்தியும் நாத்தம் போகலைன்னா மிதியடியைத் தூக்கி கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா சன்ரூஃபோட வடிகால் குழாய் அடைச்சிருக்கலாம். கார்ப்பெட்டைக் காய வைக்காம ஷாம்பு போட்டுப் பிரயோஜனம் இல்ல.

இன்னும் கார் வாங்காம இதைப் படிக்கிறவங்க இந்த இடத்தை நல்லா கவனிங்க. சென்னையில 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் எத்தனையோ கார்கள் தண்ணியில நின்னுச்சு. பத்து வருஷக் கார்ல கார்ப்பெட்டும் சீட்டும் மட்டும் புத்தம் புதுசா இருந்தா சந்தோஷப்படாதீங்க. சீட்டை முன்னாடி தள்ளி, அடியில இருக்கிற தண்டவாளத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அதுல சேத்துக் கறையோ, தண்டவாள போல்ட்டுல துருவோ தெரிஞ்சா, எவ்வளவு விலை குறைச்சாலும் அந்தக் காரை விட்டுட்டு வந்துடுங்க.