கண் ஏமாற்றும், மஞ்சள் கட்டை எச்சரிக்கும்!

காலை எட்டரை மணி. கையில் டிபன் பாக்ஸ். மனத்தில் ஆபீஸ் லேட் மார்க். நடைபாலம் ஏறி இறங்க ஐந்து நிமிடம். தண்டவாளத்தைத் தாண்ட அரை நிமிடம். தூரத்தில் லோக்கல் வருகிறது. "அது வருவதற்குள் போய்விடலாம்" என்று கால் இறங்குகிறது.

மும்பையில் இப்படி இறங்கியவர்களில் வீடு திரும்பாதவர் பலர். தாராவியிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

தண்டவாளத்தைக் கடக்காதீர் என்று பலகை இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஆனாலும் மக்கள் கடக்கிறார்கள். ஏன்? இதை மனநூல் வழியில் ஆராய்ந்தது, ஃபைனல் மைல் என்ற மும்பை நிறுவனம். மத்திய ரயில்வேயின் வடாலா நிலையத்தருகே 2009 டிசம்பரில் அதன் சோதனை தொடங்கியது.

கண் செய்யும் மோசம்

கடப்பவர்களில் பலர் முரடர்கள் அல்லர், கணக்குத் தவறியவர்கள். பெரிய பொருள் வேகமாக வந்தாலும், மெதுவாக வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். அமெரிக்க மனநூல் அறிஞர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985-லேயே இதை எடுத்துக் காட்டினார். இறங்க வரும் பெரிய விமானம் ஊர்வதுபோல் தெரிகிறதல்லவா? அதே மயக்கந்தான்.

மூன்று மருந்துகள்

ஒன்று: இடைவெளி விட்டு ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மஞ்சள் வர்ணம். வண்டி அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கி வரும்போது வேகம் கண்ணுக்குப் புலப்படும்.

இரண்டு: நீட்டி முழக்கும் ஒரே ஹாரனுக்குப் பதில், இரண்டு குறுகிய ஒலிகள். நடுவே விழும் அமைதி காதைத் தட்டி எழுப்பும்.

மூன்று: எழுத்துக்குப் பதில் படம். வண்டி மோதப்போகும் மனிதனின் அலறும் முகம்! எந்த மொழிக்காரருக்கும் அடிவயிறு கலங்கும்.

பெரிய செலவில்லை. ஆனால் சோதனைக்கு முந்திய ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால், 2010-ன் முதல் ஆறு மாதத்தில் அங்கே சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. ஓரிடத்துக் கணக்குத்தான், ஆனால் பாடம் பெரிது. மக்களை ஏசுவதைவிட, அவர்களுடைய கண்ணும் காதும் வேலை செய்யும் விதமறிந்து ஏற்பாடு செய்வதே பலன் தரும். ஆட்கள் நடக்கும் வழியிலேயே பாலம் அமைப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

மஞ்சள் கட்டை இல்லாத இடங்களே அதிகம். அங்கே, "வண்டி தூரத்தில்தான் இருக்கிறது" என்று கண் சொன்னால் நம்பவேண்டாம். லேட் மார்க் விழுந்தால் விழட்டும். மாலையில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா வந்து சேர்ந்தால் போதும்.