பண்டிகையற்ற ஞாயிறுகள்

திருச்சபை ஆண்டை நாம் பெரும்பாலும் பண்டிகைகளைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். வருகையின் காலம், கிறிஸ்து பிறப்பு, லெந்து, உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே ஆகியவை நம் ஆராதனைகளுக்குத் தனித்தனி வண்ணம் தருகின்றன. ஆனால் ஆண்டின் ஏறக்குறையப் பாதி இவற்றிற்குப் புறம்பானது. திரித்துவ ஞாயிறு முடிந்து அடுத்த வருகையின் காலம் தொடங்கும்வரை, உயிர்ப்புத் திருநாளின் தேதிக்கேற்ப, 22 முதல் 27 ஞாயிறுகள் வருகின்றன. நாட்காட்டியில் இவற்றிற்கு எண்ணிக்கையே பெயர். திருமேசை விரிப்பும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். இந்நீண்ட காலம் வெறும் இடைவெளிதானா?

இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய 30 வயதுடையவராயிருந்தார் (லூக்கா 3:23). அதற்கு முந்திய ஆண்டுகளில் பெரும்பகுதியைக் குறித்து நற்செய்தியாளர் ஏதும் கூறவில்லை. அவருடைய ஊரார் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தனர் (மாற்கு 6:3). வாக்கு மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம், மரமும் உளியுமாகக் கழிந்த அந்த ஆண்டுகளும் அம்மனுவுருவாதலின் பகுதியே என்பதை மறத்தலாகாது.

திருச்சபையின் வரலாற்றிலும் இவ்வுணர்வு அவ்வப்போது புத்துயிர் பெற்றது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கின் 31ஆம் அதிகாரத்தில், மடத்தின் பாத்திரங்கள் அனைத்தையும் பீடத்தின் தூய பாத்திரங்களாகக் கருதும்படி பண்டசாலைப் பொறுப்பாளருக்குக் கட்டளையிட்டார். 16ஆம் நூற்றாண்டில் லூத்தர், இறையழைப்பு துறவியருக்கு மட்டுமன்று, உழவருக்கும் தாய்மாருக்கும் உரியது என்று போதித்தார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ், தமக்கு இயல்பாக விருப்பமில்லாத சமையலறையிலேயே கடவுளின் பிரசன்னத்தை உணரப் பழகினார்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எதையும் ஆண்டவருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யவேண்டும் என்னும் அறிவுரை (கொலோசெயர் 3:23) முதலில் அடிமைகளை நோக்கிக் கூறப்பட்டதாகும். நாள் முழுதும் அடுப்படியில் உழலும் பெண்ணிடமும், உரிய கூலி பெறாத தொழிலாளியிடமும் 'உம் வேலையே வழிபாடு' என்று கூறி நாம் விலகிக்கொண்டால், அது நற்செய்தியன்று. அநீதிக்கு இடும் போர்வை. அதே நிருபம் எஜமானர்களிடம் நீதியையும் நேர்மையையும் கோருகிறது (4:1). ஓய்வுநாள் கட்டளையோ, எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்கிறது (உபாகமம் 5:14,15). மாறாத வழக்கம் என்பதால் அன்றாட வாழ்வு பரிசுத்தமாகிவிடாது. கடவுள் அதனுள் வந்து, அதை நியாயந்தீர்த்து மீட்பதாலேயே அது பரிசுத்தமாகிறது.

எனவே இப்பச்சை நிறக் காலத்தில் நமக்கு இரு கடமைகள் உள்ளன. காலையில் நம் கை தொடும் முதல் வேலையைச் சிறு மன்றாட்டுடன் தொடங்குவோம். நம் வீட்டிலும் ஆலயத்திலும் நமக்காக உழைப்பவர் யார், அவருக்கு ஓய்வும் உரிய ஊதியமும் கிடைக்கின்றனவா என்றும் கேட்போம். இக்கேள்விக்கு விடை காணாமல் நாம் ஏறெடுக்கும் மன்றாட்டு நிறைவு பெறாது.