செஞ்சியில் ஒரு வீட்டின் வாடகை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்குகிற பிரயாணியின் பார்வை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் மீதும், அவற்றைப் பிணைத்து ஓடும் பெருமதிலின் மீதும் பதிந்துவிடுவது இயல்பேயாகையால், அம்மதிலுக்குக் கிழக்கே கடைவீதியும் நெல் மூட்டைகள் வந்து குவியும் விற்பனைக்கூடமும் நெருக்கமான குடியிருப்புத் தெருக்களுமாகப் பரந்து கிடக்கிற ஊரை அவர் அதிகமாகக் கவனிப்பதில்லை. 1677-ல் சிவாஜி கைப்பற்றியதும், அவர் மகன் ராஜாராமுக்கு ஆண்டுக்கணக்கில் அடைக்கலமாக நின்று 1698-ல் மொகலாயர் வசமானதுமான அந்தக் கோட்டை, 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் அடங்கிய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டின் பங்காக இந்த ஒன்றே அமைந்தது. கீர்த்தி வந்த ஊருக்கு ஜனங்கள் வருவார்கள். ஜனங்கள் வருகிற ஊரில் தங்கும் விடுதிக்கும் கடைக்கும் இடம் தேடுவார்கள். இடம் தேடப்படுகிற ஊரில் வாடகை நெடுநாள் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆகவே கோட்டையின் பெருமையைப் பலரும் எழுதிவரும் இந்தச் சமயத்தில், அதன் நிழலில் வாடகைக்குக் குடியிருக்கிற மண்டித் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, பணி மாற்றலாகி வந்த ஆசிரியை முதலியோரின் மாத வாடகை எவ்விதம் உயரலாம், யாருடைய சம்மதத்தின் பேரில் உயரலாம் என்பதை விசாரிப்பது அவசியமென்று கருதுகிறேன்.

வாடகையை உயர்த்துவதற்கு அனுமதி எதற்கு என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்கள் கேள்வியை அலட்சியம் செய்துவிட முடியாது. தம் பணத்தில் கட்டிய வீட்டுக்குத் தாமே விலை சொல்லக்கூடாதா என்பது அவர்கள் வாதம். ஆனால், அரிசி விலை ஏறினால் கேழ்வரகுக்கு மாறிக்கொள்ளலாம், துணி விலை ஏறினால் பழையதைத் தைத்து உடுத்தலாம். குடியிருக்கும் வீட்டை மட்டும், குழந்தைகளின் பள்ளிக்கூடமும் தொழிலிடமும் அக்கம்பக்கத்தாரின் ஒத்தாசையும் அதனோடு சேர்ந்திருக்கிறபடியால், மாத நடுவில் உதறிவிட்டு வேறொன்று கொள்வது எளிதன்று. இந்த இக்கட்டு யுத்த காலங்களில் உச்சத்தை அடைந்தபோதுதான் சர்க்கார்கள் முதன்முதலாகத் தலையிட்டன. 1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆடவர் போர்முனையில் இருக்கையில் வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்களுக்கு எதிராகப் பெண்கள் திரண்டு வாடகை கொடுக்க மறுத்ததன் பலனாக, அந்த ஆண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வாடகைகளை யுத்தம் தொடங்கிய காலத்து நிலையிலேயே நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றிற்று. சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவசர உத்தரவாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1946-லும் 1949-லும் சட்டமாகி, கடைசியில் 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டமாக நிலைபெற்றது. சென்னை, மதுரை நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்திய அச்சட்டத்தை அறிவிக்கையின் மூலம் பிற ஊர்களுக்கும் விரிக்க அரசுக்கு அதிகாரம் இருந்தது.

அந்தச் சட்டத்தின் ஜீவன் ‘நியாய வாடகை’ என்ற ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து வாடகையை நிர்ணயிப்பார். பழைய சட்டங்கள் இதற்கு 1940 ஏப்ரலுக்கு முந்திய பன்னிரண்டு மாத வாடகைகளை அளவுகோலாகக் கொண்டன. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, மனையின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவு, சில குறிப்பிட்ட வசதிகளுக்கான செலவு ஆகியவற்றைக் கூட்டி, தேய்மானத்தைக் கழித்து, வரும் தொகையில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதமும் வியாபார இடத்துக்கு 12 சதவீதமும் என்று கணக்கிட்டார்கள். உதாரணமாக, மனை 4 லட்சமும் தேய்மானம் போகக் கட்டடம் 5 லட்சமும் மதிப்புள்ள ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொண்டால், 9 லட்சத்தில் 9 சதவீதம் 81,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுக்க, மாதம் 6,750 ரூபாய். ஒருமுறை இவ்விதம் நிர்ணயமான வாடகையை, வீட்டுக்காரர் தம் செலவில் கூடுதலான கட்டுமானமோ அபிவிருத்தியோ செய்தாலன்றி ஏற்றுவதற்கில்லை. அவ்வீட்டில் அப்போது ஆள் குடியிருந்தால், அந்த வேலையும் அவர் கேட்டுக்கொண்டு செய்ததாக இருக்கவேண்டும். இதன் பலன் என்னவென்றால், வாடகை என்பது வலுத்தவன் வாய்ச்சொல்லாக இராமல், எவரும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கத்தக்க ஒரு கணக்காயிற்று.

இந்த ஏற்பாட்டில் குறைகளும் இருந்தன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. பழைய வாடகையில் கட்டுண்ட வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கவும் மனமில்லாமல் வீட்டைப் பாழாக விட்டார். வீட்டைப் பூட்டிவைப்பதே லாபமென்று எண்ணினவர்களும் இருந்தார்கள். பம்பாயின் வாடகைச் சட்டத்தைப் பற்றி 1997-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாடகையை 1940-ஆம் ஆண்டு நிலையிலேயே உறையவைத்திருப்பது நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியது.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இப்போது நடைமுறையிலிருப்பது, சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம்; 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. இது பழைய கணக்கை முற்றிலும் கைவிட்டு, ஒப்பந்தத்தை அதன் பீடத்தில் ஏற்றியது. வாடகை எவ்வளவு, எப்போது, எந்த விகிதத்தில் உயரும் என்பவை எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் கண்டபடியே நடக்கவேண்டும். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு. அட்வான்ஸ் தொகை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகையை மிஞ்சக்கூடாது. வாடகைத் தகராறு எதுவாயினும், குடியிருப்பவரை நெருக்குவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை.

இரு தரப்பாரும் சம பலமுள்ளவர்களாக இருக்குமிடத்தில் இது சிலாக்கியமான சட்டமே. ஆனால் எழுதாத வாக்கின் பேரில், வெற்றிலைப் பாக்கில் பத்து ரூபாய் வைத்துக் கொடுத்து வீடு பிடித்தவருக்கு, ஒப்பந்தமே அளவுகோலாகிவிட்ட இடத்தில் கையில் எந்த அளவுகோலும் இல்லை. முன்பு கணக்குப் போட்டுக் காட்டவேண்டிய பொறுப்பை அதிகாரி சுமந்தார். இப்போது அந்தப் பொறுப்பு கையெழுத்துப் போடுகிற நிமிஷத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. ‘வாடகை அவ்வப்போது உயர்த்தப்படும்’ என்ற ஒற்றை வரியின் கீழ் கையெழுத்திட்டவர் பிற்பாடு ஆட்சேபம் சொல்ல நியாயம் இருந்தாலும், அதைத் தாங்கிப்பிடிக்க ஏடு இராது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இத்தனை சதவீதத்துக்கு மேற்படாமல், இத்தனை மாத முன்னறிவிப்புடன் என்று எழுதிக்கொள்வதில் வீட்டுக்காரருக்கும் நஷ்டம் ஏதுமில்லை. எழுதச் சொல்லிக் கேட்கிற தைரியத்தைத்தான் ஏழைக் குடும்பங்களுக்கு யாரேனும் ஊட்டவேண்டியிருக்கிறது.

செஞ்சிக்கே உரிய ஒரு விசேஷம் இங்கே குறுக்கிடுகிறது. பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்று, 2010-ல் திருத்தப்பட்ட 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூறுகிறது. கோட்டைச் சுவரை ஒட்டிய பகுதியில் வீடுகள் பெருக வழியில்லை. இருப்பவற்றை அனுமதியுடன் மராமத்துச் செய்துகொள்ளலாம், அவ்வளவே. ஜனத்தேவை கூடி வீடு கூடாத இடத்தில் வாடகை ஏறுவதற்கான தூண்டுதல் அதிகம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரம்பையும் இட்டிருக்கிறது: ஒப்பந்தத்தில் கண்ட உயர்வு போக, அபிவிருத்தியோ கட்டட மாற்றமோ செய்ததைக் காரணம் காட்டி வாடகையைக் கூட்ட விரும்பும் வீட்டுக்காரர், வேலை தொடங்குமுன்பே குடியிருப்பவரோடு எழுத்து மூலம் உடன்பட்டிருக்கவேண்டும், அந்த உயர்வும் வேலை முடிந்து ஒரு மாதம் சென்ற பிறகே அமலாகும், வீட்டுக்காரர் தம் கடமையாகச் செய்யவேண்டிய பழுதுபார்ப்பு இதில் சேராது. அதாவது, ஒழுகுகிற கூரையை அடைத்தேன், காரை பெயர்ந்த சுவரைப் பூசினேன் என்பவை உயர்வுக்குக் காரணமாகா. கோட்டையருகே சட்டப்படி நடக்கக்கூடிய வேலை பெரும்பாலும் மராமத்தாகவே இருப்பதால், அங்கே வாடகைக்கு இருப்போர் இந்த ஒரு விதியையேனும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஏழைகளுக்கென்றே பொதுப்பணத்தின் ஆதரவோடு கட்டப்படும் வாடகைக் குடியிருப்புகளில் நியமங்கள் இன்னும் கண்டிப்பானவை. கொரோனாக் காலத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வாடகைக்கு வழியின்றி நகரங்களை விட்டு நடந்து வெளியேறிய காட்சிக்குப் பின், 2020-ல் மத்திய அரசு வகுத்த மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்தில், தொடக்க வாடகையை அவ்வட்டார நிலைமைக்கேற்ப நிர்ணயிக்கவேண்டும். பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம் உயரலாம். ஐந்தாண்டுகளில் மொத்தமாக 20 சதவீதத்தைத் தாண்டலாகாது. இந்நியதி 25 ஆண்டுகள் தொடரும். மாதம் 3,000 ரூபாயில் தொடங்குகிற வாடகை இரண்டாண்டு கழித்து 3,240 ரூபாயும், நான்காண்டு கழித்து ஏறக்குறைய 3,500 ரூபாயும் ஆகும். தன் கூலி அதற்குள் எவ்வளவு உயர்ந்தால் தாக்குப்பிடிக்கலாம் என்பதை ஒரு குடும்பம் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள இது இடமளிக்கிறது.

அமெரிக்காவில் அரசாங்க ஆதரவு பெற்ற இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் வாடகையைக் கூட்ட விரும்பும் உரிமையாளர், மத்திய வீட்டுவசதித் துறையின் அனுமதியைக் கோருமுன், குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து குடியிருப்போருக்கு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். வரவு செலவுக் கணக்குகளை அவர்கள் பார்வையிடலாம். அவர்கள் எழுதித் தரும் கருத்துகளையும் சேர்த்தே துறைக்கு அனுப்பவேண்டும். கூட்டிக் கேட்பவர் கணக்கைத் திறந்து வைக்கவேண்டும், கொடுக்கப்போகிறவர் அதைப் படித்துப் பேசவேண்டும் என்ற இந்த முறையை நம் அரசின் வாடகைக் குடியிருப்புகளும் கைக்கொள்ளுமானால், பராமரிப்புத் தொகை உயரும்போதெல்லாம் எழுகிற மனக்கசப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

செஞ்சியில் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொண்ட குடும்பத்துக்கு மற்றுமொரு பாத்தியதை உண்டு. அதைப் பலர் அறியார். வாடகையை நிர்ணயிக்கவோ திருத்தவோ வாடகை அதிகாரியிடம் விண்ணப்பிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மாத்திரம் தரப்பட்டதன்று, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் கண்ட இடம் குறைந்துபோனாலும், வீட்டின் வசதிகள் சீர்கெட்டாலும், கிணற்று மோட்டார் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்து தெருக்குழாயில் குடம் சுமக்க நேர்ந்தாலும், வாடகையைக் குறைக்கும்படி கேட்க அவருக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.